தண்ணீரில் வேகவைத்த மீன்



சீனாவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க டீச்சர்?" என்பதுதான். பெருஞ்சுவரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. (நான் பெருஞ்சுவரைப் பார்க்கவும் இல்லை. அது வேறு கதை.) அதனால் 2019 அக்டோபரில் நாங்கள் சாப்பிட்ட ஒரே ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். நீளமான பதிவு. மணி அடிக்க இங்கே ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் அப்போது வேலை நிமித்தம் சோங்சிங் நகரத்தில் இருந்தார்கள். பழைய பாடப் புத்தகங்களில் 'சுங்கிங்' என்று இருக்கும். 1937இல் ஜப்பான் படையெடுத்தபோது சியாங் கை ஷேக் தலைநகரத்தை அங்கேதான் மாற்றினார். 1939இல் நேரு போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடம். மலைமேல் கட்டிய ஊர். சமமான தெரு என்று ஒன்று கண்ணில் படவில்லை, எங்கே போனாலும் படிக்கட்டு. என் முழங்கால் அந்த ஊரை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை எங்களை ஒரு மீன் கடைக்கு அழைத்துப்போனார். கூடவே, மகள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருந்த பாட்டியும் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேத்தியைப் பல நாள் பார்த்துக்கொண்டவர். கடையைச் சொன்னதே அவர்தான்.

வாசலிலேயே கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் புல் கெண்டை. நம் பக்கத்து மீன் பண்ணைகளில் விடுகிறார்களே, அதே மீன். அடுத்த தொட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரால்! அவர்கள் அதைக் 'கருமீன்' என்கிறார்கள். நம் விராலேதான் என்று சொல்ல முடியாது, அதன் பங்காளி. புல் கெண்டையில் ஒன்றைக் கை காட்டினோம். கடைக்காரர் வலையால் அள்ளி, தராசில் போட்டு, துள்ளத் துள்ள எங்கள் மேஜைக்கே கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே போனார். எடை போடுவது 'ஜின்' கணக்கில், ஒரு ஜின் அரைக் கிலோ. எங்கள் வீட்டுக்காரர், "நம்ம ஊர்ல செவுளைத் தூக்கிப் பாப்போம். இங்க ஆளையே கூட்டிட்டு வந்து காட்றான்" என்றார்.

பதார்த்தத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "ஷுய்ஜு யூ. அப்படின்னா தண்ணில வேகவெச்ச மீன்மா" என்றாள் மகள். வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் எண்ணெயும் காரமும் குறைக்கச் சொல்லியிருந்தார். "தண்ணில வேகவெச்சதா? ரொம்ப நல்லதா போச்சு மாப்பிள்ளை" என்று சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கால் மணி நேரத்தில் வந்து இறங்கியது ஒரு பேசின். நம் வீட்டில் துணி அலசும் பேசின் அளவு. மேலே ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த மிளகாய், மிளகாய்க்குக் கீழே எண்ணெய், எண்ணெய் இன்னும் சடசடவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய் ஒரு லிட்டருக்குக் குறையாது. பரிமாற வந்த பெண் ஜல்லிக் கரண்டியால் மிளகாயை அள்ளி அள்ளி ஒரு தட்டில் கொட்ட, அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று மீன் வில்லைகள் எட்டிப் பார்த்தன. வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

செய்முறையை மகள் பிறகு சொன்னாள். மீனை உயிரோடு வாங்கி உடனே அறுக்க வேண்டும். முள்ளெலும்பையும் தலையையும் தனியே எடுத்துவிட்டு, சதையைச் சாய்வாகப் பிடித்து மெல்லிய வில்லைகளாகச் சீவ வேண்டும். உப்பு, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் மாவு பிசறி வைப்பார்கள். ஃபாவா பீன்ஸையும் மிளகாயையும் உப்பு போட்டு மாதக் கணக்கில் வெயிலில் புளிக்கவைத்த தோபான்ஜியாங் என்ற விழுதை வதக்கி, தண்ணீர் ஊற்றி, முதலில் தலையும் எலும்பும் வேகும். கடைசியில்தான் வில்லைகள், ஒரு நிமிஷம்கூட ஆகாது. பேசினில் முளைகட்டிய பயறைப் பரப்பி, அதன்மேல் இதைக் கொட்டி, மேலே மிளகாயும் ஹுவாஜியாவும் தூவி, புகை வரக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். அந்த எண்ணெய் குடிப்பதற்கல்ல. மீன் ஆறாமலும் உலராமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வில்லையை எடுத்து உதறிவிட்டுச் சாப்பிட வேண்டும். இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சுவையா? முதல் வாயில் மீனின் மென்மை. இரண்டாவதில் காரம். ஆந்திராக் காரத்துக்குப் பழகின நாக்குதான் எனது, அதனால் சமாளித்தேன். மூன்றாவதில் உதடு காணாமல் போய்விட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி மரமரப்பு, அதற்குள்ளே ஒரு விறுவிறுப்பு. இது மிளகாயின் வேலை அல்ல, ஹுவாஜியாவின் வேலை. மிளகு போல இருக்கும் ஒரு சின்னக் காயின் தோல், எலுமிச்சைக் குடும்பம். கொங்கணக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திர்பள் இதற்கு நெருங்கிய சொந்தம். லண்டனில் ஆராய்ச்சி செய்து 2013இல் எழுதினார்கள்: நொடிக்கு சுமார் 50 முறை அதிரும் ஒன்று உதட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அந்த உணர்வை இது உண்டாக்குகிறதாம். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

இனிமேல்தான் பாடம்.

1986-87 பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவேளை நினைவிருக்கும். கொலம்பஸ் பாடம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது, 1492க்கு முன்னால் இந்தியாவில் மிளகாயே கிடையாது, போர்ச்சுக்கீசியர்தான் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்படின்னா நம்ம மீன் குழம்பு நம்மளுது இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான், "உட்காரு. இது பரீட்சைக்கு வராது" என்றேன். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, உதடு மரத்துப்போய் அந்தப் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் முகம்தான் வந்தது. அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அது. இந்தப் பதிவு அவனுக்குத்தான். அவன் எங்கோ வளைகுடாவில் இருப்பதாகக் கேள்வி. யாருக்காவது தொடர்பு இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

சீனாவில் மிளகாயைப் பற்றிக் கிடைக்கும் பழைய குறிப்பு 1591ஆம் ஆண்டினது. ஹாங்சோ நகரத்து எழுத்தாளர் காவ் லியென் எழுதியது. அவர் அதைச் சமையல் பகுதியில் சேர்க்கவில்லை, தோட்டத்துப் பூச்செடிகளோடு சேர்த்தார். வெள்ளைப் பூ, தேய்ந்துபோன தூரிகை நுனி போலக் காய், பார்க்க அழகு என்ற அளவில் விட்டுவிட்டார். அழகுச் செடியாக வந்த மிளகாய் சோற்றுக்குள் நுழைந்தது கடற்கரையில் அல்ல. உள்நாட்டில், மலை மாகாணமான குய்சோவில். காரணம் ருசி அல்ல. அங்கே உப்பு கிடையாது. வெளியிலிருந்து வரும் உப்பை வாங்க ஏழைகளிடம் காசு கிடையாது. உப்புக்குப் பதிலாக மிளகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள் என்று 1720களின் குய்சோ வட்டாரப் பதிவேடு எழுதி வைத்திருக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உப்பில்லாத ஊர் ஒன்று எப்படி உண்டது என்பது இதில் இருக்கிறது.

பக்கத்து மாகாணமான சிச்சுவானில் (சோங்சிங் 1997 வரை அதில்தான் சேர்ந்திருந்தது) 1749இல் தாயி வட்டாரத்துப் பதிவேட்டில் மிளகாய் தலைகாட்டுகிறது. அங்கே அதற்குப் பெயர் 'ஹைஜியாவ்'. ஹை என்றால் கடல். கடல் தாண்டி வந்த ஜியாவ். இன்றைக்கும் சிச்சுவான் கிழவிகள் சந்தையில் அப்படித்தான் கேட்கிறார்கள். 'ஜியாவ்' என்பது ஆதியில் ஹுவாஜியாவைக் குறித்த சொல். அதுதான் அந்த மண்ணின் காரம். பிறகு மேற்கிலிருந்து நம் கருமிளகு போனது, அதற்கு 'அந்நியர் ஜியாவ்' என்று பொருள்படும் 'ஹூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் பிறகு மிளகாய் வந்தது, அதுவும் ஒரு ஜியாவ் ஆனது.

நாம் என்ன செய்தோம்? மிளகு நம்முடையது. மிளகு போலக் காரமான ஒரு காய் வந்தது. மிளகு காய், மிளகாய். உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு ஜனங்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்தவனைப் பழைய சொந்தக்காரன் பெயரால் கூப்பிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

உறவுகளுக்கு இன்னொன்று நினைவூட்டுகிறேன். நம் வீட்டில் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். ஏன் என்று பாட்டியைக் கேட்டால், "பழக்கம்" என்பார். முன்னோர்கள் மிளகாய் தின்றதில்லை, அதனால் அவர்களுக்குப் படைக்கும் இலையில் மிளகாய் இல்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் இல்லை. கல்வெட்டில் எழுதாத ஒரு தேதியை அடுப்பங்கரை ஞாபகம் வைத்திருக்கிறது. குழம்பு நம்முடையதுதான்டா தம்பி. மிளகாய்தான் நானூறு வருஷத்து விருந்தாளி. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் சோங்சிங்கில் கதை இதோடு முடியவில்லை. அங்கே மிளகாய் மட்டுமல்ல, ஜனங்களே வந்தவர்கள்.

மறுநாள் ஆற்றங்கரையில் இருக்கும் ஹூகுவாங் சங்க மண்டபத்துக்குப் போனோம். 1759இல் கட்டியது, மஞ்சள் சுவர், உள்ளே நாடக மேடை, மரச் செதுக்கல்கள். ஹூகுவாங் என்றால் இன்றைய ஹூபே, ஹூனான் மாகாணங்கள். பிழைக்க வந்தவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் கூடுவதற்குக் கட்டிக்கொண்ட இடம். பர்மாவிலும் மலேயாவிலும் நம் நகரத்தார் விடுதி கட்டினார்களே, அது மாதிரி.

ஏன் அத்தனை பேர் வந்தார்கள் என்றால், 1644ஐப் பார்க்க வேண்டும். மிங் வம்சம் சரிந்த வருஷம். கலகத் தலைவன் ஜாங் சியென்ஜோங் சிச்சுவானைப் பிடித்துத் தன்னை அரசன் என்று அறிவித்துக்கொண்டான். அவன் ஆட்சி இரண்டு மூன்று வருஷம்தான். அதற்குள் நடந்த கொலைகளைப் படித்தால் தூக்கம் வராது. அவன் 1647 தொடக்கத்தில் மஞ்சூக்கள் கையில் செத்தான். போர் ஓயவில்லை. மிங் பக்கத்து மிச்சம் மீதி, மஞ்சூக்கள், பிறகு 1673இல் தொடங்கி எட்டு வருஷம் வூ சான்குய் கலகம். பஞ்சம், கொள்ளை நோய். எரிந்த ஊர்களில் புலி நடமாடியதாக அந்தக் காலத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். கடைசியில் காங்சி பேரரசர், தரிசை உழுகிறவனுக்கே நிலம் சொந்தம், சில வருஷங்களுக்கு வரி கிடையாது என்று சலுகை கொடுத்தார். ஹூபே, ஹூனான், ஜியாங்சி, குவாங்தோங், ஃபூஜியான் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். 'ஹூகுவாங் சிச்சுவானை நிரப்பியது' என்றே அதற்குப் பெயர். இன்றைக்கும் சிச்சுவான் குடும்பங்கள் பலவற்றில் கேட்டால், எங்கள் பூர்வீகம் ஹூபேயில் மாச்செங் என்கிறார்கள். நம் பாட்டி உட்பட.

அவர் ஒரு கதையும் சொன்னார், மகள் மொழிபெயர்த்தாள். வந்தவர்களைக் கையைக் கட்டித்தான் ஓட்டிவந்தார்களாம். ஒதுங்க வேண்டுமானால் காவலாளியிடம் "கையை அவிழ்த்துவிடு" என்று கேட்க வேண்டுமாம். அதனால்தான் இன்றும் அந்த ஊர்ப் பேச்சில் ஒன்றுக்குப் போவதற்குக் 'கை அவிழ்ப்பது' என்று பெயர். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கதையை, இதே சொல்லுக்கு, வடக்கே ஷான்சி மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களும் சொல்கிறார்கள். சரித்திர டீச்சர் என்ற முறையில் நம்ப மாட்டேன். ஆனால் பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

வந்தவர்களோடு மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் மலைச் சரிவில் ஏறின. அவையும் அமெரிக்கப் பயிர்கள். மிளகாயும் ஏறியது. கொல்லையில் இரண்டு செடி இருந்தால் வருஷம் முழுவதும் போதும். வெறும் சோளக் களியைத் தொண்டைக்குள் இறக்க அதைவிட மலிவான துணை கிடையாது. பேசினில் மிதந்த அந்த தோபான்ஜியாங் விழுதைக்கூட, ஃபூஜியானிலிருந்து குடியேறிய சென் என்ற குடும்பம் முதலில் செய்ததாகத்தான் அங்கே பரம்பரையாகச் சொல்கிறார்கள்.

"எங்கள் ஊரில் ஈரம் அதிகம், ஈரத்தை வெளியேற்ற மிளகாய் தின்கிறோம்" என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஈரமான ஊர்தான், வெயில் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் குவாங்தோங்கிலும்தான் ஈரம் ஊறுகிறது, அங்கே மீனை இஞ்சி போட்டு ஆவியில் அவித்துத் தின்கிறார்கள். வித்தியாசம் ஈரத்தில் இல்லை, மடியில் இருந்த காசில். சிச்சுவானிலேயே பணக்காரர் விருந்து காரமாக இருக்காது. அவர்களுடைய புகழ்பெற்ற பதார்த்தம் ஒன்றின் பெயர் 'கொதிநீர் முட்டைக்கோஸ்'. பார்த்தால் தெளிந்த வெந்நீரில் சீன முட்டைக்கோஸ் மிதப்பது போலவே இருக்கும். அந்த 'வெந்நீர்' கோழி, வாத்து, பன்றித் தொடை எல்லாம் பல மணி நேரம் கொதித்து வடித்துத் தெளியவைத்த சாறு. பணக்காரன் வீட்டில் சாற்றுக்கு வெந்நீர் என்று பெயர். ஏழை வீட்டில் மிளகாய் எண்ணெய்க்குத் தண்ணீர் என்று பெயர். இரண்டிலும் தண்ணீர் என்பது பொய்தான்.

அந்தத் 'தண்ணீர்' பெயர் மீனுக்கு மாட்டிடமிருந்து வந்தது. ஸிகோங் என்ற உப்பு நகரம் சிச்சுவானில் இருக்கிறது. தரையைத் துளைத்து உப்பு நீர் எடுத்த ஊர். 1835இல் அங்கே ஒரு கிணறு 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. மூங்கில், இரும்பு உளி, மனிதர் கால் பலம், அவ்வளவுதான் கருவி. உப்பு நீரை மேலே இழுக்கும் செக்குச் சக்கரத்தைச் சுற்றியவை மாடுகள். சுற்ற முடியாமல் விழுந்த மாட்டைத் தொழிலாளிகள் உப்பும் ஹுவாஜியாவும் போட்டு வேகவைத்துத் தின்றார்கள். அதுதான் தண்ணீரில் வேகவைத்த மாட்டுக்கறி. மிளகாய் சேர்ந்தது பிற்பாடு.

மாட்டின் இடத்தில் மீன் எப்போது வந்தது? நான் நினைத்தது முந்நூறு வருஷம். இல்லை. 1980களில். எனக்கு அப்போது கல்யாணமே ஆகிவிட்டது! தனியார் சாப்பாட்டுக் கடை என்பதே மாவோ காலத்துக்குப் பிறகு 1980இல்தான் பெய்ஜிங்கில் மறுபடி திறந்தது. அதன் பிறகு நெடுஞ்சாலை ஓரங்களில் ஒன்றொன்றாக முளைத்தன. செங்து-சோங்சிங் பழைய சாலையில் லைஃபெங் என்றொரு சிற்றூர், லாரிகள் நிற்கிற இடம். அங்கே லாரி டிரைவர்களுக்காகக் காரமாக, எண்ணெய் மிதக்க ஆக்கிப்போட்ட மீன் பெயர் வாங்கியது. சோங்சிங்கின் வடக்கு ஓரத்துக் கடைகளில் தண்ணீர் மீன் பிறந்தது. படித்த சமையல்காரர்கள் அல்ல, சாலையோரத்து ஆட்கள் கண்டுபிடித்த இந்த வகைக்கு 'ஜியாங்ஹு சமையல்' என்று பெயர். ஆறு-ஏரி சமையல் என்பது நேர்ப்பொருள், நாடோடிகளின் சமையல் என்று வைத்துக்கொள்ளலாம். 1995இல் விரைவுச் சாலை வந்து லாரிகள் வேறு வழியே பறந்தபோது மீன் நகரங்களுக்குள் ஏறிவிட்டது. 2000க்குப் பிறகு பெய்ஜிங்கிலேயே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள்.

ஏன் 1980களுக்கு முன்னால் இது பிறக்கவில்லை என்பதற்குக் கீழ்வீட்டுப் பாட்டிதான் விடை.

சாப்பிட்டு முடித்தோம். பேசினில் மீன் இல்லை, சிவந்த எண்ணெய் மட்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழப்போனேன். பாட்டி பரிமாறிய பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாள். பாட்டி கரண்டியால், ஒரு மிளகாய் விதைகூட விழாமல், எண்ணெயை மட்டும் மேலாக மொண்டு மொண்டு டப்பாவில் ஊற்றிக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சங்கடம். பாட்டிக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் சொன்னாள். 1950களின் நடுவிலிருந்து சீனாவில் அரிசி, எண்ணெய், துணி எல்லாம் கூப்பனில்தான். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் கிடைக்காது. எண்ணெய் பல ஊர்களில் ஒரு ஆளுக்கு மாதம் கால் கிலோ, சில சமயம் அதற்கும் கீழே. 1959 முதல் 1961 வரை பெரும் பஞ்சம். சாவு மிக அதிகமாக விழுந்த மாகாணங்களில் சிச்சுவான் ஒன்று. பாட்டி அப்போது சிறுமி. அவர் அம்மா ஒரு துண்டுப் பன்றிக் கொழுப்பை நூலில் கட்டி வைத்திருந்தாராம். வாணலி காய்ந்ததும் அதை ஒரு சுற்றுத் தடவி எடுத்து, மறுபடி ஆணியில் மாட்டிவிடுவாராம். அந்தத் துண்டு மாதக் கணக்கில் வந்ததாம். கூப்பன் முறை முழுசாக ஒழிந்தது 1993இல். நம் ரேஷன் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நின்ற ஞாபகம் எனக்கு இருக்கிறது. ஆனால் நமக்கு வெளிக்கடை என்று ஒன்று இருந்தது.

ஒரு லிட்டர் எண்ணெயை நான்கு பேர் சாப்பிடும் மீன்மேல் ஊற்றி, சாப்பிடாமலே விட்டுவிட்டுப் போகலாம் என்பது அந்த ஊருக்கு எவ்வளவு புதிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தப் பேசினைப் பார்த்து 'இவ்வளவு எண்ணெயா' என்று முகம் சுளித்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அந்த எண்ணெய்தான் விருந்து.

மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஆறு ஓடுகிறது, அதனால் ஆற்று மீன் என்றுதான் நினைத்தேன். பண்ணை மீன். சீனர்கள் குளத்தில் மீன் வளர்ப்பது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை, கருங்கெண்டை என்று நாலு வகையை ஒரே குளத்தில் விடுவார்கள். ஒன்று புல் தின்னும், ஒன்று மிதக்கும் பாசி நுண்ணுயிர் தின்னும், ஒன்று அடியில் நத்தை தின்னும், ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. ஆனால் இந்த மீன்கள் குளத்தில் தாமாக முட்டையிடாது, ஓடும் ஆறு வேண்டும். அதனால் பல நூற்றாண்டுகள் யாங்சியில் வலை கட்டிக் குஞ்சு பிடித்துத்தான் குளத்துக்கு விற்றார்கள். 1958இல் ஜோங் லின் என்ற விஞ்ஞானி குளத்திலேயே முட்டையிட வைத்தார். நமக்குப் பெருமையான செய்தி: இந்தியாவில் அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1957 ஜூலை 10 அன்று, ஹீராலால் சௌத்ரி நம் கெண்டை வகைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு அதைச் செய்துகாட்டினார். ஜூலை 10 நம் மீன் வளர்ப்போர் தினமாக இருப்பது அதனால்தான். 1959இல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் இந்தியாவுக்கு வந்தன. நம் ஏரிக்கரையில் இன்று கட்லா, ரோகுவோடு புல் கெண்டை விற்கிறதென்றால், அதற்குப் பூர்வீகம் அந்தப் பக்கத்து ஆறுகள்.

குஞ்சுக்கு ஆறு தேவையில்லை என்று ஆனபின் ஆற்றை யார் கவனிக்கப்போகிறார்கள்? 1981இல் கெச்சோபா அணை யாங்சியைக் குறுக்கே மறித்தது, 2003இல் மூன்று பள்ளத்தாக்கு அணை நீர் தேக்கத் தொடங்கியது. மின்சாரம் வைத்து மீன் பிடித்தார்கள், சாயக் கழிவு விட்டார்கள். யாங்சியில் துடுப்பு போல நீண்ட மூக்கோடு ஒரு மீன் இருந்தது, மூன்று மீட்டருக்கு மேல் வளரும். 2003 ஜனவரியில், சோங்சிங்குக்கு மேலே யிபின் பக்கத்தில் வலையில் ஒன்று சிக்கியது. முட்டை நிறைந்த பெண் மீன். விஞ்ஞானிகள் அதன் காயத்துக்கு மருந்து போட்டு, ஒலிக் கருவி பொருத்தி ஆற்றில் விட்டுவிட்டுப் படகில் பின்தொடர்ந்தார்கள். படகு பாறையில் மோதியது. அதற்குள் ஒலி தொலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இனத்தில் ஒன்றை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. 2022இல் அழிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள்.

2021 ஜனவரி 1 முதல் யாங்சியிலும் அதன் முக்கியக் கிளைகளிலும் பத்து வருஷத்துக்கு மீன்பிடி தடை. சுமார் 1,11,000 படகுகள் கரையேறின, 2,31,000 மீனவர்கள் தொழிலை விட்டார்கள். தடை தேவைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் நம் கடற்கரையில் வருஷத்துக்கு 61 நாள் தடைக்கே மீனவக் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்தவள் நான். பத்து வருஷம் என்று படித்தபோது பேப்பரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

நாங்கள் போன சமயம் தடை வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் இரண்டு ஆறும் கூடும் துறையில் நின்றோம். ஒரு பக்கம் கலங்கல், ஒரு பக்கம் பச்சை, கொஞ்ச தூரம் சேராமலே போயின. பாட்டி எண்ணெய் டப்பாவைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிறுமியாக இருந்தபோது இங்கே படகிலிருந்தே மீன் வாங்குவோம் என்று சொன்னதாக மகள் சொன்னாள்.

மறுநாள் காலை கதவு தட்டிய சத்தம். பாட்டி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் எண்ணெயில் இரண்டே கரண்டி ஊற்றிப் பிரட்டி, மேலே வெங்காயத்தாள் தூவியது. வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேளும்மா" என்றார். மகள் கேட்டாள். பாட்டி சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப்போனார்.